இருபத்தோராவது கட்டம்

அத்தியாயம் 14

சாவித்திரியின் கேக் கதை உங்களுக்கு மறந்திருக்காது. அம்பத்தூர் கள்ளிக்குப்பத்தில் ஒன்பது வருஷமாகச் சீர்த்தட்டு அலங்காரம் செய்கிறவள், விளம்பரம் போடுகிறேன் பேர்வழி என்று போனில் ஒரு டெம்ப்ளேட்டை எடுத்தாளே, அது எவனோ பேக்கரிக்காரனுக்காகச் செய்து வைத்திருந்தது. கேக்கைத் தூக்கிவிட்டுத் தன் தட்டின் படத்தை வைத்தாள். பேரை மாற்றினாள், நம்பரை மாற்றினாள். கீழே பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் கிடந்த ஒரு வரியை மட்டும் கவனிக்காமல் விட்டுவிட்டாள். முட்டை சேர்க்காத கேக்கும் எங்களிடம் கிடைக்கும் என்றது அந்த வரி. ஒரு மாதம் முழுக்க கேக் கேட்டு போன் வந்தது.

அதுகூடப் பரவாயில்லை. குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்து முடித்ததும், அவளுடைய ஓர்ப்படி, கொழுந்தன் மனைவி அருள்மொழி, அந்த போஸ்டரை இரண்டே நிமிஷத்தில் சரிசெய்து, பின்னால் மாம்பழ மஞ்சள் கொடுத்து, ஓரத்தில் மாவிலைத் தோரணம் கட்டிப் போட்டாள். "சும்மா ட்ரை பண்ணேன்க்கா" என்று கூடவே ஒரு வரி.

உடனே பூந்தமல்லியிலிருந்து நாத்தனார் கன்னியம்மாளின் குரல் பதிவு வந்து விழுந்தது. "இன்னாமா ஷோக்கா கீது! இத்தான் போஸ்டரு!"

ஒன்பது வருஷத்தில் சாவித்திரியின் ஒரு தட்டைப் பார்த்துக்கூட கன்னியம்மாள் வாயிலிருந்து 'ஷோக்கு' வந்ததில்லை.

அன்றைக்கு ஆரம்பித்த வயிற்றெரிச்சல்தான். மோர் குடித்து அடங்குகிற எரிச்சல் இல்லை அது.

அருள்மொழி கும்பகோணத்துப் பெண். ஐ.டி. கம்பெனியில் வேலை பார்த்தவள், குழந்தை பிறந்ததும் விட்டுவிட்டு ஐயப்பன்தாங்கல் ஃப்ளாட்டில் உட்கார்ந்தபடியே தாம்பூலப் பை, ரிட்டர்ன் கிஃப்ட் என்று ஆரம்பித்தாள். அந்த டிசைன் ஆப்புக்கு வருஷச் சந்தா கட்டினவள், "நம்ம வீட்டுக்குள்ள எதுக்குத் தனித்தனியா?" என்று சாவித்திரியையும் சாவித்திரியின் மகள் ரோஷினியையும் அதிலேயே சேர்த்துவிட்டாள். நல்ல மனசோடுதான் சேர்த்தாள் என்று ரோஷினி சொல்கிறாள். நமக்குத் தெரிந்ததெல்லாம், அன்றிலிருந்து அருள்மொழி செய்கிற ஒவ்வொரு விளம்பரமும் சாவித்திரியின் போனிலும் திறக்கும் என்பதுதான்.

மகள் பத்துத் தடவை சொல்லிக் கொடுத்தும் ஆப்பில் ஒரு பூவை நகர்த்தச் சாவித்திரிக்கு வராது. ஓர்ப்படியின் டிசைனைத் திறந்து பார்க்கும் வழி மட்டும் ஒரே தடவையில் மண்டையில் ஏறிவிட்டது. காலைக் காப்பியோடு அதைப் பார்க்காவிட்டால் அவளுக்குப் பொழுது விடிந்த மாதிரியே இல்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமையும் பார்த்தாள். பார்த்ததும் காப்பி கசந்தது.

மேலே 'பவித்ரா வளைகாப்பு' என்று தங்க எழுத்து. அதன் கீழே தட்டுத் தட்டாகப் படங்கள். பழத் தட்டு, லட்டுத் தட்டு, பூத் தட்டு, மஞ்சள் குங்குமத் தட்டு, மயில் மாதிரி விரித்து வைத்த புடவைத் தட்டு.

பவித்ரா, கன்னியம்மாளின் ஒரே மகள். ஆவடியில் புகுந்த வீட்டில் ஏழு மாதக் கர்ப்பிணியாக இருக்கிறாள். அவளுடைய வளைகாப்புக்குச் சீர்த்தட்டு யார் செய்வது என்பதைப் பேசி முடிக்கத்தான் கன்னியம்மாள் இன்று தம்பிகள் இரண்டு பேரையும் குடும்பத்தோடு சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். பவித்ராவின் கல்யாணத்துக்கே சாவித்திரிக்குத் தட்டு கொடுக்கவில்லை. 'வெளியாள் செஞ்சா நல்லாக்கீதா இல்லியான்னு வாய் வுட்டுச் சொல்லலாம், உன்கிட்ட எப்டி சொல்றது' என்று காரணம் சொன்னாள். இந்தத் தடவை விடுவதில்லை என்று சாவித்திரி மூன்று நாள் உட்கார்ந்து ஒரு தட்டை மாதிரிக்குச் செய்து வைத்திருந்தாள். சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் கூடுகிற விசேஷம். அங்கே தன் தட்டுகள் வரிசையாகப் போகவேண்டும், இது யார் செய்தது என்று நாலு பேர் கேட்கவேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

தாம்பூலப் பைக்காரி தட்டிலும் கை வைத்துவிட்டாளே!

சாவித்திரி விரலால் எண்ணினாள். வரிசைக்கு நாலு கட்டம், ஐந்து வரிசை. இருபது. அதற்குக் கீழே, நடுவில், தனியாக ஒரே ஒரு கட்டம். சீர்த்தட்டு என்றால் ஒற்றைப்படையில்தான் போகும், பதினொன்றோ இருபத்தொன்றோ. டெம்ப்ளேட் செய்தவனுக்கு அது தெரியாது. அவன் நாலைந்து இருபது என்று அழகாகச் சதுரம் கட்டி வைத்திருக்கிறான். அருள்மொழி அதற்கு அடியில் இருபத்தோராவதை இழுத்துப் பிடித்துச் சேர்த்திருந்தாள்.

அந்தக் கட்டத்தில் படம் இல்லை. படம் வைக்காத இடத்தில் ஆப்பே காட்டுகிற சாம்பல் நிறம்தான் இருந்தது. அடியில் பொடியாக ஒரு வரி. சாவித்திரியின் கண்ணாடி ஃபிரிட்ஜ் மேல் இருந்தது. எழுந்து எடுக்கத் தோன்றவில்லை.

என்னதான் எழுதியிருக்கப் போகிறாள், கெட்டிக்காரி!

கை தன்னால் போயிற்று என்று சொன்னால் பொய். தெரிந்துதான் போயிற்று. கட்டத்தைத் தொட்டாள். குப்பைத்தொட்டிப் படம் எட்டிப் பார்த்தது. அதைத் தொட்டாள். கட்டம் போயிற்று. அடியில் அந்த ஒரு வரி மட்டும் அநாதையாக நின்றது. அதையும் தொட்டாள், அதுவும் போயிற்று. இவ்வளவு பெரிய காரியத்துக்கு 'நிச்சயமா?' என்றுகூட அந்த ஆப் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இருபது. சுத்தமான இரட்டைப்படை. கன்னியம்மாளின் கண்ணில் இது படட்டும்.

திரையின் மேல் மூலையில் பச்சை வட்டத்துக்குள் ஆங்கில 'ஏ' எழுத்து மின்னியது. அது அடிக்கடி வந்து போகும். ஆப் கம்பெனியின் முத்திரை என்று சாவித்திரி நினைத்திருந்தாள். இன்று பக்கத்தில் நீலத்தில் இன்னொரு வட்டமும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை முத்திரை போலும் என்று போனை மூடிவிட்டாள்.

"இன்னா சாவித்திரி, கெளம்புற ஐடியா கீதா இல்லியா?" வாசலில் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்த அவள் கணவன் ராஜசேகரன் குரல் கொடுத்தான். பாடியில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு பார்க்கிறவன். வாரத்தில் ஒருநாள்தான் அவனுக்கு வெயிலே தெரியும். "அக்கா மூணு வாட்டி போன் பண்ட்டுது."

"தோ வந்துட்டேன். தட்ட ஜாக்கிரதையா எடுக்க வேணாமா?"

அவள் குரலில் இருந்த உற்சாகத்தைப் பார்த்து ராஜசேகரன் சந்தோஷப்பட்டான், பாவம்.

*

அயப்பாக்கம் தாண்டி, திருவேற்காடு தாண்டி, வேலப்பன்சாவடியில் நெடுஞ்சாலை ஏறும்வரை சாவித்திரி மடியில் தட்டுப் பையை வைத்து இரண்டு கையாலும் அணைத்திருந்தாள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் உள்ளேயிருந்து கண்ணாடி வளையல் 'கிணுங்' என்றது.

வழியெல்லாம் அவள் மனசில் ஒரே படம் ஓடியது. அருள்மொழி அந்தப் பளபளப்பான டேப்லெட்டை நீட்டுவாள். கன்னியம்மாள் எண்ணுவாள். எண்ணி முடித்ததும் முகம் மாறும். அப்போது அருள்மொழியின் முகம் எப்படி இருக்கும்?

இதை நினைத்துச் சிரித்தபோது அவளுக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. ஆனாலும் சிரிப்பை நிறுத்த முடியவில்லை.

கன்னியம்மாள் வீட்டில் மீன் குழம்பு வாசனை தெருமுனைக்கே வந்து கூப்பிட்டது. அருள்மொழியும் அவள் கணவன் அசோக்கும் குழந்தையோடு முன்னமே வந்திருந்தார்கள். அருள்மொழி எழுந்து வந்து பையை வாங்கக் கை நீட்டினாள்.

"குடுங்கக்கா, நான் வாங்கிக்கிறேன்."

"வேணாம், வேணாம். ஒடஞ்சிடும்" என்று சாவித்திரி பையை இறுக்கிக்கொண்டாள்.

அருள்மொழி கையை இழுத்துக்கொண்டாள். அவள் கண் மட்டும் சாவித்திரியின் முகத்தில் ஒரு நொடி கூடுதலாக நின்றது. அந்த ஒரு நொடி சாவித்திரிக்குப் பிடிக்கவில்லை.

சாப்பாடு முடிந்து, கை கழுவி, எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்ததும் கன்னியம்மாள் வெற்றிலைத் தட்டை முன்னால் இழுத்து வைத்தாள். பேச்சு முடிகிற இடத்தில் வெற்றிலை கைமாறும். அது அந்த வீட்டு வழக்கம்.

"சரி, சொல்லுங்கடி. யாரு இன்னா கொண்ணாந்துகீறீங்க?"

அருள்மொழி டேப்பை எடுத்தாள். "இதுல பாருங்க அண்ணி. பவித்ராவுக்கும் லிங்க் அனுப்பிருக்கேன். அவளுக்குப் பிடிச்ச கலர் எதுன்னு பாத்துட்டுச் சொல்றேன்னா."

படம் பெரிதாக விரிந்தது. கன்னியம்மாளின் முகம் மலர்ந்தது. "யம்மா, இன்னாமா கீது! சினிமா மாரி கீதே!" என்று ஒவ்வொரு தட்டாக விரல் வைத்தாள். சாவித்திரிக்குத் தொண்டை வரை எரிந்தது. அவள் காத்திருந்தாள்.

கன்னியம்மாள் உதடு அசைய ஆரம்பித்தது. "நாலு... எட்டு... பன்னெண்டு... பதினாறு... இருவது."

விரல் கீழே போய் வெறும் இடத்தைத் தடவியது. மறுபடி மேலே போய் எண்ணியது.

"இன்னாமா இது, இருவதோட நிக்குது?"

அருள்மொழி தலையைக் குனிந்துகொண்டாள்.

"எம்பொண்ணு வளைகாப்புக்கு ரெட்டப்படைல தட்டு எடுத்துகினு போவ சொல்றியா? சம்பந்தி ஊட்ல இன்னா நெனைப்பாங்கோ? இரு, இரு. இதுல வளையல் தட்டு எங்க? பயத் தட்டு கீது, பூ கீது, பொடவ கீது. வளைகாப்புக்கு வளையலே இல்லாத சீரா?"

சாவித்திரி நிமிர்ந்தாள். கைப்பையைத் துழாவிக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு டேப்பை எட்டிப் பார்த்தாள். நிஜம்தான். இருபது கட்டத்தில் ஒன்றில்கூட வளையல் இல்லை.

அப்படியானால் காலையில் அழித்தது?

"இருபத்தொண்ணாவது வளையல் தட்டுதான் அண்ணி" என்றாள் அருள்மொழி. யாரையும் பார்க்காமல் சொன்னாள். "அத ஒருத்தர் செய்யறதா எடம் விட்டு வச்சிருந்தேன். அவங்களுக்கு இஷ்டமில்ல போலருக்கு."

"எவளோ செய்லன்னா நீ ரெட்டப்படைய எடுத்தாந்து காட்டுவியா? படிச்ச பொண்ணுதானே நீ?"

அசோக் சாய்ந்து உட்கார்ந்தபடி சிரித்தான். "நான் அப்பவே சொன்னேன்க்கா. போன்ல படம் ஒட்டுறதெல்லாம் ஒரு தொழிலான்னு. கேட்டாதானே? நாளைலேந்து இத மூட்ட கட்டிட்டு பழைய ஆபீஸ்ல கேட்டுப் பாருன்னு சொல்லிகினு கீறேன்."

இத்தனை நாள் சாவித்திரி இந்தக் காட்சிக்குத்தான் ஏங்கினாள். அருள்மொழி தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறாள். கன்னியம்மாள் திட்டுகிறாள். கட்டின கணவனே சிரிக்கிறான். எல்லாம் நினைத்தபடியே நடக்கிறது. ஆனால் அது அவளுக்கு இனிக்கவில்லை.

"சாவித்திரி, நீ பையில இன்னா வச்சிகினு கீற? எட்த்து காட்டு" என்றாள் கன்னியம்மாள்.

சாவித்திரி எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். ராஜசேகரன்தான் ஆசையாகப் பையைத் திறந்து தட்டை வெளியே எடுத்து நடுக்கூடத்தில் வைத்தான்.

அது வளையல் தட்டு.

பித்தளைத் தட்டில் ஐந்து அடுக்குக் கோபுரம். அடியில் பச்சை, மேலே சிவப்பு, அதற்கு மேல் மறுபடி பச்சை என்று கண்ணாடி வளையல்கள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி நின்றன. எங்கே ஒட்டியிருக்கிறது, எங்கே கட்டியிருக்கிறது என்று தெரியவில்லை. கோபுரத்தின் உச்சியில் கலசத்துக்குப் பதிலாக வேப்பங்கொழுந்தை முறுக்கிச் செய்த ஒரு சின்ன வளையல். வளைகாப்பில் முதலில் கையில் ஏறுவது அந்த வேப்பிலைக் காப்புதான். அதை உச்சியில் வைக்க வேண்டுமென்று எந்த டெம்ப்ளேட்டுக்கும் தோன்றாது.

கன்னியம்மாள் வாயில் கை வைத்தாள். "யம்மாடியோவ்!"

அருள்மொழிகூடத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத்த வுட்டுட்டு நான் இன்னாத்த எவ எவகிட்டயோ குட்த்துகினு கீறேன்! சாவித்திரி, ஷோக்கா கீதுடி. இருவத்தியொண்ணும் நீயே பண்ணு. இந்தா, புடி."

வெற்றிலைத் தட்டு சாவித்திரிக்கு முன்னால் நீண்டது. ஒன்பது வருஷம் காத்திருந்த வார்த்தையும் தட்டும் ஒன்றாக வந்து நின்றன. 'அண்ணி, அந்தக் கட்டத்தை எடுத்தது நான்தான்' என்று சொல்ல அதுதான் நேரம். ஒரு மூச்சு நேரம். ராஜசேகரன் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தான். சாவித்திரி இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டாள்.

*

பின்கட்டுக் குழாயடியில் அருள்மொழி எச்சில் பாத்திரங்களுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். சாவித்திரி காப்பி டம்ளர்களைக் கொண்டுபோகும் சாக்கில் அங்கே போய் நின்றாள்.

"அருளு, அந்த வளையல் தட்டு யாரு செய்றதா இருந்துச்சு?"

அருள்மொழி திரும்பிப் பார்த்தாள். "தெரியாதாக்கா? அதுலயே எழுதியிருந்தேனே. 'வளையல் தட்டு, சாவித்திரி அக்கா கைவேலை'ன்னு."

"நா அத..."

"காலைல ஏழு மணிக்கு நீங்கதான் எடுத்தீங்க. நான் பாத்துட்டேதான் இருந்தேன்."

சாவித்திரி டம்ளர்களைக் கீழே வைத்தாள். "தெரியாம கை பட்டுடுச்சு அருளு. சத்தியமா."

"தெரியாமப் பட்டா ஒரு தடவ படும்க்கா. முதல்ல கட்டம் போச்சு. அப்புறம் அடியில இருந்த வரி போச்சு. உங்க பேரைப் படிச்சுட்டுத்தான் எடுக்கறீங்க, எங்கூடச் சேந்து செய்யப் பிடிக்கல, அதச் சொல்றீங்கன்னு நினைச்சேன். அதான் திருப்பி வைக்கல."

"நீ எப்டி பாத்த?"

"ஒருத்தர் டிசைன இன்னொருத்தர் திறந்தா மேல வட்டம் வரும்க்கா. என் போன்ல நீங்க ஆரஞ்சு கலர் 'எஸ்'. உங்க போன்ல நான் பச்சை."

சாவித்திரிக்குக் காது மடல் சுட்டது. அந்தக் கம்பெனி முத்திரை! அப்படியானால் தினமும் காப்பி டம்ளரோடு உட்கார்ந்து திறந்தபோதெல்லாம்...

"தெனமுமா தெரிஞ்சுது?"

"தெனமும்தான்."

"அப்ப ஏன் ஒரு வார்த்த கேக்கல?"

அருள்மொழி குழாயை மூடினாள். "கேட்டா வர்றத நிறுத்திடுவீங்களேன்னுதான். அவரு ஒருநாள்கூடத் திறந்து பாத்ததில்ல. அண்ணி வாட்ஸ்ஆப்ல 'ஷோக்கா கீது'ன்னு போட்டுட்டு மறந்துடுவாங்க. என் வேலைய தினமும், ஒருநாள் விடாம வந்து பாத்தது இந்த குடும்பத்துலயே நீங்க ஒருத்தர்தான்க்கா. ஏழு மணிக்கு அந்த ஆரஞ்சு வட்டம் வருதான்னு பாத்துட்டுத்தான் நான் அடுத்த வேலையே ஆரம்பிப்பேன்."

அவள் குரல் உடைந்தது. அதை மறைக்கச் சிரித்தாள்.

"நான் ஒண்ணும் தியாகி இல்ல. அந்த இருபது படம் இருக்கே, அத்தனையும் அந்த ஆப்லயே வந்தது. ஒண்ணுகூட நான் செஞ்ச தட்டு இல்ல. எனக்கு ஒரு லேஸ் நேரா ஒட்ட வராது. உங்க கையப் பாக்கும்போதெல்லாம் எனக்கு எரியும்க்கா, இப்பகூடத்தான் அந்தத் தட்டப் பாத்து எரிஞ்சுது. நிஜமான தட்டு ஒண்ணாவது இருந்தா அண்ணி நம்பிடுவாங்க, மீதியப் பிறகு ரெண்டு பேருமாச் செஞ்சுக்கலாம்னு கணக்குப் போட்டேன். உங்ககிட்ட இன்னிக்கு இங்க வந்து கேக்கலாம்னு இருந்தேன். அவ்ளோதான் என் நல்ல மனசு."

உள்ளேயிருந்து அசோக் கூப்பிட்டான். "அருளு, கெளம்பலாமா? கொழந்த அழுவுது."

அருள்மொழி ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். நீங்கள் அண்ணியிடம் சொல்லுங்கள் என்றும் கேட்கவில்லை, சொல்லாதீர்கள் என்றும் கேட்கவில்லை.

சாவித்திரி அங்கேயே நின்றாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. அதற்கு நடுவிலும், உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவோமே, அவளுக்கு ஒரு பொறாமை எழுந்தது. நெஞ்சில் இருந்ததை இப்படி நேராகச் சொல்லிவிட்டாளே! அதிலும் இவளே முந்திக்கொண்டாளே!

*

திரும்பும்போது வேலப்பன்சாவடியில் ராஜசேகரன் வண்டியை ஓரம் கட்டினான். மீன் குழம்புக்கு மேல் ஒரு டீ குடித்தால்தான் அவனுக்குச் சாப்பிட்ட மாதிரி இருக்கும். வெயில் இறங்கி, நெடுஞ்சாலையில் வண்டிகள் நெருக்கியடித்துக்கொண்டு நகர்ந்தன.

"இன்னா, ஒண்ணுமே பேச மாட்டேன்ற? ஜெயிச்சுட்டு வந்துகீற. ஒரு சிரிப்பு சிரிக்க மாட்டியா?" என்றான்.

"தலவலி."

"பெரிய டீயா சொல்றேன்" என்று கடைக்குள் போனான்.

சாவித்திரி கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். போனை எடுத்தாள். தினமும் போகிற அதே வழியில் போய் அதே டிசைனைத் திறந்தாள். இருபது கட்டம். அடியில் வெறும் இடம்.

மூலையில் பச்சை வட்டம் வந்தது.

எங்கேயோ மெட்ரோ தூண்களுக்கு நடுவே போகிற காரில், மடியில் குழந்தையோடு, அருள்மொழியும் இந்தப் பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அங்கே ஆரஞ்சு வட்டம் தெரிந்திருக்கும். தெரியட்டும்.

ரோஷினி சொல்லிக் கொடுத்ததை ஒவ்வொன்றாக நினைவுக்குக் கொண்டு வந்தாள். கூட்டல் குறியைத் தொட வேண்டும். கட்டத்தைத் தேட வேண்டும். முதல் தடவை வட்டம் வந்தது, இரண்டாம் தடவை இதயம் வந்தது. மூன்றாம் தடவைதான் சதுரம் வந்தது. அதை இழுத்துக் கீழே, நடுவில் கொண்டுபோய் விட்டாள். கோணலாகத்தான் நின்றது. தன் வளையல் கோபுரத்தின் படத்தைத் தேடி அதற்குள் வைத்தாள். பச்சை வட்டம் போகவில்லை.

அடியில் எழுத ஆரம்பித்தாள். 'வளையல் தட்டு' என்று வந்தது. அதற்குப் பிறகு என்ன எழுதுவது? 'சாவித்திரி' என்று மட்டுமா? 'சாவித்திரி, அருள்மொழி' என்றா? வெற்றிலையை வாங்கிக்கொண்டு வந்தவள் இனி எந்தப் பேரை எழுதினால் என்ன? விரல் திரைமேல் நின்றுவிட்டது. அண்ணிக்கு ஒரு போன் போட வேண்டும், அதுதான் ஒரே வழி என்று அவளுக்குத் தெரிந்தது. போட்டால் 'ஷோக்கா கீதுடி' போய்விடும் என்பதும் தெரிந்தது.

அப்போதுதான் பச்சை வட்டத்துக்குப் பக்கத்தில் நீல வட்டம் வந்து ஒட்டிக்கொண்டது.

காலையிலும் இருந்ததே அது! ஞாயிற்றுக்கிழமை முத்திரை என்று நினைத்தாளே. சாவித்திரி போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டு வந்தாள். வட்டத்துக்குள் இருந்தது ஆங்கில 'பி'.

பவித்ராவுக்கும் லிங்க் அனுப்பிருக்கேன்.

அவள் எழுதி நிறுத்திய 'வளையல் தட்டு' என்ற வரிக்குக் கீழே, அவள் விரல் படாமலே, எழுத்துக்கள் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன.

'அத்தை, காலைலயும் நான் இதுல இருந்தேன்.'

டீக்கடையில் ராஜசேகரன் யாரோடோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். பச்சை வட்டம் நகரவில்லை. அருள்மொழியும் இதைப் படித்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்சம் நின்று, அடுத்த வரி வந்தது.

'அம்மாகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?'